பார்வையாளர் நேரத்தில் இறங்கும் துடிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவின் காலை ரவுண்ட்ஸில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று எந்தச் சுவரிலும் எழுதிப் போடவில்லை. ஆனாலும் அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். முன்னால் பெரிய டாக்டர். அவர் தோளை உரசாத தூரத்தில் சின்ன டாக்டர்கள். அப்புறம் பெரிய சிஸ்டர். எல்லாருக்கும் கடைசியில், கம்ப்யூட்டர் பொருத்திய வண்டியைத் தள்ளிக்கொண்டு, அதன் ஒரு சக்கரம் கீச்சிடுவதற்காக எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, நம்ம மருந்துக்கடை.

மருந்துக்கடை என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். பாவம், வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு படித்து, கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஆவதற்கான கடைசிக்கட்டப் பயிற்சிக்கு வந்தவள். நோயாளிக்குப் போகிற ஒவ்வொரு மருந்தும் தேவைதானா, அளவு கூடிவிட்டதா, ஒன்றுக்கொன்று ஆகுமா ஆகாதா, அந்த ஆளின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. இதை வீட்டில் விளக்குவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. "அதான் டாக்டர் எழுதிக் குடுக்கிறாரே, நடுவுல நீ எதுக்கு?" என்றார் சித்தப்பா. "கடை எப்போ திறக்கப்போறே? எனக்கு முட்டிவலி மாத்திரைய விலை குறைச்சுக் குடுப்பியா?" என்றாள் அத்தை. அண்ணன் இன்னும் ஒருபடி மேலே போய் அவளை மருந்துக்கடை என்றே கூப்பிட ஆரம்பித்தான். அதோடு விட்டானா? ஒருநாள் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவன், பெரிய சிஸ்டர் அங்கே நிற்பது தெரியாமல், "ஏய் மருந்துக்கடை, சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போறே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தித் தொலைத்தான். அன்றைக்கே அந்தப் பெயர் உள்ளேயும் வந்துவிட்டது. இந்த அண்ணன்களை எதற்குத்தான் பெற்றுப்போடுகிறார்களோ.

பெரிய டாக்டருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவர் காதில் விழாத தூரத்தில் எல்லாரும் அவரை இடி என்பார்கள். குரல் அப்படி. தங்கமான மனுஷர்தான், நோயாளிக்கு ஒன்று என்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். பொறுமை என்கிற சாமான் மட்டும் அவரிடம் கிடையாது. ஒவ்வொரு படுக்கையிலும் சின்ன டாக்டர் சொல்வதைக் கேட்பார், சிஸ்டர் சொல்வதைக் கேட்பார், மருந்துக்கடை வாயைத் திறக்கும்போது அவர் அடுத்த படுக்கைக்குப் போய்க்கொண்டிருப்பார். அவள் சொல்ல வந்ததையெல்லாம் அவருடைய முதுகிடம்தான் சொன்னாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த முதுகும் அப்பப்போ கேட்டுக்கொள்ளும். "சரி, குறைச்சிடு" என்று நடந்துகொண்டே ஒரு உறுமல் வரும். அந்த உறுமல் கிடைத்த நாளெல்லாம் அவள் கால் தரையில் பாவாது.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு வெல்டர் இருந்தார். நுரையீரலில் கிருமி தாக்கி, மூச்சுத் திணறி, நினைவில்லாமல் வந்து சேர்ந்தவர். வென்டிலேட்டரில் கிடந்தார். அந்தக் களேபரத்தில் இதயம் வேறு தறிகெட்டு ஓட, அதை அடக்க ஊசி மருந்து ஏற்றினார்கள். ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டார். குழாயை எடுத்தார்கள், காய்ச்சல் போயிற்று, எழுந்து உட்கார்ந்து "இந்தக் கட்டிலோட கால்ல வெல்டிங் பத்த வெச்சது யாருங்க? ஜாயின்ட்டு அசிங்கமா இருக்கு" என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறியும்விட்டார். நியாயப்படி அவரை வார்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்ப முடியவில்லை, காரணம் அவருடைய இதயத் துடிப்பு.

நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று சரசரவென்று நாற்பதுக்குக் கீழே இறங்கும். மானிட்டர் அலறும், மனுஷனுக்குக் கண் இருட்டும், சிஸ்டர் ஊசியோடு ஓடுவார். இதயத்தை அடக்கிய அந்தப் பழைய மருந்தை நிறுத்தி நாளாகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சுத்தமாக இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், துடிப்பு இறங்குவதெல்லாம் காலையும் மாலையும் பார்வையாளர் நேரத்தை ஒட்டித்தான். அதாவது, அவர் மனைவி வந்து பார்க்கிற நேரம்.

அந்த அம்மாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல். காலை டிரிப்பை முடித்துவிட்டு ஒருமுறை, மாலை டிரிப்பை முடித்துவிட்டு ஒருமுறை, தோளில் பெரிய பையோடு விறுவிறுவென்று வருவார். போர்வையைச் சரி செய்வார், முகம் துடைப்பார், தலை வாருவார், ஏன் இன்னும் வார்டுக்கு அனுப்பவில்லை என்று சிஸ்டர்களை ஒரு பிடி பிடிப்பார், போய்விடுவார். அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் மானிட்டர் அலறும்.

நர்ஸுகளுக்குக் கேட்க வேண்டுமா? "வேன் அம்மா வந்துட்டாங்க, ஊசிய எடுத்து வைங்கடி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வெல்டரே சேர்ந்துகொண்டார். "கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான் சிஸ்டர். மெஷினு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு."

"ஆமா, இவருக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு இங்க வந்துதான் தெரிஞ்சுது" என்பார் அந்த அம்மாள், விட்டுக்கொடுக்காமல்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒருநாள் காலையில் நின்றுபோயிற்று. ரவுண்ட்ஸில் இடி மானிட்டர் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார். "இதயத்துல மின்சாரம் போற வழி பழுதாயிருக்கு. மனைவியைப் பார்த்ததும் மனசு கலங்குது, பலவீனமான இதயம் தடுமாறுது. பேஸ்மேக்கர் வெச்சிடலாம். நாளைக்கே."

"அப்படின்னா என்னங்க டாக்டர்?" என்றார் வெல்டர்.

"நெஞ்சுக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி. துடிப்பு இறங்கினா அது தட்டிக் கொடுக்கும். பயப்பட ஒண்ணுமில்லை."

"பேட்டரி வெச்சுக்கிட்டு ஆர்க் வெல்டிங் பண்ணலாமா?"

இடி பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "சின்ன வேலைன்னா, ரொம்ப ஜாக்கிரதையா, தூரமா நின்னு... உங்க பட்டறையில ஓடுற மாதிரி பெரிய கரன்ட் கிட்ட போறது ஆபத்து. அது பேட்டரியைக் குழப்பிடும். வேற வேலை பார்த்துக்கலாம். உயிர் முக்கியமா, வெல்டிங் முக்கியமா?"

வெல்டர் இரண்டு கைகளையும் போர்வையின் மேல் வைத்து, தீப்பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தது. கடைசியாகக் கிளம்பிய கீச்சுச் சக்கரத்தை அவர் கூப்பிட்டார்.

"பாப்பா, நீதானே மருந்தெல்லாம் பார்க்கிற பொண்ணு?"

"ஆமாங்க ஐயா."

"இது மருந்தால வந்த கோளாறா இருக்குமான்னு கொஞ்சம் பாரேன். பதினாறு வயசுல வெல்டிங் ராடு பிடிச்ச கை இது. வேற வேலைன்னா என்ன வேலை எனக்குத் தெரியும்? வீட்டுல உக்காந்து வேன் அம்மாவுக்குப் பயந்து சாகணும், அவ்வளவுதான்." சிரிக்கத்தான் பார்த்தார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

மருந்துக்கடை "பார்க்கிறேன் ஐயா. நிச்சயமாப் பார்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான், எதைப் பார்ப்பது என்கிற கேள்வி வந்தது.

அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் உள்ளே வந்த நாளிலிருந்து உடம்பில் ஏறிய ஒவ்வொரு மருந்தையும் எடுத்துப் பார்த்தாள். கிருமிக்கான மருந்து, வயிற்றுக்கான மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி. ஒன்றும் இதயத்தை இப்படிப் பிடித்து இழுக்கிற ரகமில்லை. அந்தப் பழைய ஊசி மருந்து நிறுத்திய பிறகும் உடம்பில் நாள்கணக்கில் தங்கும்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் நாள் முழுக்க அல்லவா மந்தமாக இருக்க வேண்டும்? நேரம் பார்த்து இறங்குமா? வீட்டில் சாப்பிட்ட மருந்துகளின் விவரத்தையும் பார்த்தாள். அதைச் சேகரித்தது அவளேதான், அந்த அம்மாளை வராந்தாவில் உட்கார வைத்து. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஊசி இல்லை, மூச்சுக்கு இழுக்கிற மருந்து இல்லை, கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற வலி மாத்திரை இல்லை. எதையும் விடாமல் கேட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு பெருமை.

மாலையில் தோல்வியை ஒப்புக்கொள்ள ஜன்னலோரப் படுக்கைக்குப் போனாள். பார்வையாளர் நேரத்தில் மருந்துக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. சொந்தக்காரர்கள் மொய்த்துக்கொண்டு கேள்வியாகக் கேட்பார்கள் என்று அந்த நேரத்தில் கீழே மருந்தறைக்கு நழுவிவிடுவது வழக்கம். அவளும் இத்தனை நாள் அப்படித்தான் நழுவினாள். இன்றைக்கு நழுவ மனசு வரவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்றே.

படுக்கையைச் சுற்றித் திரை பாதி இழுத்திருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெல்டர் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கன்னத்திலும் தாரை தாரையாக ஈரம். மனைவி குனிந்து அதை டிஷ்யூவால் ஒற்றிக்கொண்டிருந்தார். அடடா, நாளைக்கு நடக்கப்போவதை நினைத்து இரண்டு பேரும் அழுகிறார்கள், இதில் நாம் போய் மூக்கை நுழைப்பதா என்று திரும்பப் பார்த்தாள். வண்டிச் சக்கரம் சும்மா இருக்குமா? கீச்சிட்டது. வெல்டர் தலையைத் திருப்பினார்.

வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அழாதீங்க ஐயா. மனசைத் தளர விடாதீங்க" என்றாள்.

"யாரு அழுறா?" என்றார் வெல்டர், கண்ணை மூடிக்கொண்டே. "இவதான் ஊத்துறா."

"எதை?"

வேன் அம்மாள் டிஷ்யூவைக் கசக்கி மறைத்தார். பையை வேகமாக இழுத்து மூடினார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. "ஒண்ணுமில்ல. முகம் துடைச்சேன்."

"அம்மா, எதை ஊத்தினீங்க?"

"கண்ணுக்கு விடுற சொட்டும்மா. அதுக்கென்ன இப்போ?"

மருந்துக்கடை கையை நீட்டினாள். அந்த அம்மாள் முறைத்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததால், சிக்கிய ஜிப்பை ஒரு வெட்டு வெட்டி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு புட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் பட்டென்று வைத்தார். அவள் அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்கிற மருந்து. பீட்டா பிளாக்கர் வகை. இதயத்தின் வேகத்தைக் குறைக்க டாக்டர்கள் மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அதற்குக் கூடப்பிறந்தது.

"இதை ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்கே கேட்டே?" வேன் குரல் வந்துவிட்டது. "என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு கேட்டே, சொன்னேன். ஊசி போடுறாரான்னு கேட்டே, இல்லேன்னேன். கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா? வெளியேருந்து எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு வாசல்ல இத்தனாம் பெருசு எழுதிப் போட்டிருக்கீங்க. நானாச் சொன்னா பிடுங்கி வெச்சுக்க மாட்டீங்க? கண் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, ஒருநாள் விட்டாலும் பார்வை போயிடும், போனது வராதுன்னு. கண்ணு போனா நீயா வந்து இவருக்குப் பதிலா பத்த வெப்பே?"

உண்மைதானே? மாத்திரை, ஊசி, இழுக்கிற மருந்து என்று வாய்க்கும் கைக்கும் மூக்குக்கும் கேட்டவள், கண்ணைக் கேட்கவில்லை. பரீட்சையில் கேட்டிருந்தால், கண்ணில் விடும் சொட்டு இதயத்தை என்ன செய்யும் என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளியிருப்பாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற தப்பு இது. மருந்துகளை அத்தனை வகையாகப் பிரித்துப் படித்ததில் ஒரு வகை நழுவி விழுந்துவிட்டது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

"எத்தனை சொட்டும்மா விடுறீங்க?"

"வீட்டுல அவரே ஒரு சொட்டு விட்டுப்பாரு. இங்க அந்த மெஷின மாட்டிப் படுக்க வெச்சிருந்தப்போ என்னைக் கிட்டவே விடல. அத்தனை நாள் விட்டுப்போச்சே! அதான் விட்டதையும் சேர்த்து..." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு கண்ணும் ரொம்பி கன்னத்துல வழியற வரைக்கும் விடுறேன்."

"குளத்துல முங்கின மாதிரி இருக்கும் பாப்பா. இதெல்லாம் மருந்துக் கணக்குல வரும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார் வெல்டர்.

அவள் படுக்கையோரம் உட்கார்ந்து, பதற்றம் குரலில் தெரியாமல் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, கண்ணுல விடுறது கண்ணோட நிக்காது. ஓரத்துல ஒரு சின்ன வழி இருக்கு, அது வழியா மூக்குக்குள்ள இறங்கி ரத்தத்துல கலந்துடும். ஒரு சொட்டுன்னா அவர் உடம்பு தாங்கிடுச்சு. இப்போ அளவுக்கு மேல போகுது. போதாக்குறைக்கு இங்க இதயத்துக்குக் குடுத்த பழைய மருந்தும் இன்னும் உடம்புல மிச்சமிருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் துடிப்பப் பிடிச்சு இழுக்குது."

அந்த அம்மாளுக்குப் புரிய இரண்டு மூச்சு ஆயிற்று. பிறகு முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ... தினமும் நான்தானா?" என்றார். அந்தக் குரலில் வேன் இல்லை.

அவள் பதில் சொல்லுமுன் மானிட்டர் சொல்லிவிட்டது. அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது, அப்புறம் சரசரவென்று கீழே. அலாரம் அலறியது. பெரிய சிஸ்டர் ஊசியோடு ஓடி வந்தார். வெல்டரின் உதடு வெளுத்தது. ஊசி ஏறியது. எல்லாரும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்க, அது மெல்ல மெல்ல மேலே வந்தது. வெல்டர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது மனைவியைத்தான். அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார், கையை வாயில் வைத்து.

சத்தம் கேட்டு இடியும் வந்துவிட்டார். "என்ன, மறுபடியுமா? நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே ஏற்பாடு பண்ணுங்க!"

"டாக்டர்" என்றாள் மருந்துக்கடை. அவர் திரும்பிப் போன் எடுக்கப் போனார். அவள் இத்தனை நாளும் பேசிப் பழகிய முதுகு. இன்றைக்கு அதனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று, சட்டென்று சுற்றிப் போய் அவருக்கு முன்னால் நின்றாள். மூஞ்சிக்கு நேராகப் புட்டியை நீட்டினாள். "பேஸ்மேக்கர் வேண்டாம் டாக்டர். இதுதான் காரணம். ரெண்டு வேளையும் இது போயிட்டிருக்கு, அளவில்லாம."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புட்டியைப் படித்தார். பிறகு இடி இடித்தது. "வீட்டு மருந்து விவரம் எடுத்தது யாரு?"

"நான்தான் டாக்டர். கண்ணைப் பத்திக் கேட்காம விட்டுட்டேன்." ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

இடி அவளைப் பார்த்தார். வெல்டரைப் பார்த்தார். சுவரோடு ஒட்டியிருந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு தன்னுடைய சட்டைப்பையில் இருந்த டார்ச்சைத் தட்டிக்கொண்டு, "நானும்தான் தினமும் அந்தக் கண்ணுல இதை அடிச்சுப் பார்த்தேன். எனக்கு மட்டும் தோணுச்சா?" என்றார். சின்ன டாக்டர்கள் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். "பேஸ்மேக்கரை நிறுத்தி வைங்க. சொட்டு மருந்தையும் நிறுத்துங்க. துடிப்பு நிலைக்குதா பார்ப்போம். நிலைச்சா பேட்டரி கிடையாது. நிலைக்கலேன்னா வெச்சுத்தான் ஆகணும்." திரும்பி நடந்தார்.

"சும்மா நிறுத்தினா கண்ணழுத்தம் ஏறிடும் டாக்டர்."

முதுகு நின்றது. முழு ஆளும் திரும்பினார். "என்ன செய்யலாம்னு சொல்றே?"

"இதயத்தைத் தொடாத வேற வகைச் சொட்டு இருக்கு. சாயங்காலம் ஒரே ஒருதடவை போதும். அவரோட கண் டாக்டர்கிட்ட இப்பவே பேசிடுறேன். அவர் சம்மதிச்சா மாத்திடலாம்."

"பேசு" என்றார் இடி. "பேசிட்டு என்கிட்ட வந்து சொல்லு. நான் நிக்கிறேன்." நிஜமாகவே நின்றார், அவள் போன் பேசி முடிக்கிற வரைக்கும். கண் டாக்டரும் சரி என்றார்.

இனி எல்லாம் சுபம் என்று நினைத்தால், அங்கேதான் புது வம்பு. மறுநாள் வேன் அம்மாள் உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தார், வராந்தா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், பார்வையாளர் நேரம் முடிந்ததும் எழுந்து போனார். அதற்கடுத்த நாளும் அதே கதை. "உள்ள வாங்கம்மா, ஐயா கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று மருந்துக்கடை போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "வேண்டாம் கண்ணு. கொல்லத் தெரிஞ்ச கையோட அவர் பக்கத்துல எப்படி நிக்கிறது?" என்றார். தங்கள் பழைய கேலி நினைவுக்கு வந்து நர்ஸுகள் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனார்கள்.

உள்ளே வெல்டர் தன் பங்குக்கு அடம்பிடித்தார். முதல்நாள் மாலை ஒரு சிஸ்டர் புது மருந்தைப் புட்டியோடு கொண்டுபோனால் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பழக்கமில்லாதவங்க கையால வேண்டாம். என் வீட்டுக்காரி வரட்டும்." பெரிய சிஸ்டர் அதட்டினார், கெஞ்சினார், மிரட்டினார். மனுஷன் வெல்டிங் கண்ணாடி போட்ட மாதிரி இமையை மூடிக்கொண்டு கிடந்தார். கடைசியில் தூங்கும்போது இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள் மாலையும் இதே நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது இடி உள்ளே வந்தார். மானிட்டரில் துடிப்பு எழுபதைச் சுற்றியே நின்றது. பழைய மருந்து மெல்லக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. பதிவுகளைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். ஒரு இறக்கம்கூட இல்லை. "ஏன்யா கண்ணைத் திறக்க மாட்டேங்கிறே?" என்று இடித்தார்.

"அவ வரணும் டாக்டர்."

"இது ஆஸ்பத்திரியா, உங்க வீடா?"

"அவ வந்து விட்டு, துடிப்பு இறங்கலேன்னாத்தான் அவ நம்புவா. இல்லேன்னா ஆயுசுக்கும் தன்னாலதான்னு அழுதுகிட்டே வேன் ஓட்டுவா. எனக்குப் பட்டறை திரும்பக் கிடைச்சு என்ன பண்ண? வீடு போயிடுமே." சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இடி யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். யாரையும் அனுப்பாமல் தானே வராந்தாவுக்குப் போனார். மருந்துக்கடை பின்னாலேயே ஓடினாள். பெஞ்சில் இருந்த அம்மாள் அவரைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"அம்மா, உள்ள ஒரு பெரிய மனுஷர் உங்க கைய விட்டா வேற கைக்குக் கண்ணைத் திறக்க மாட்டேங்கிறார். எனக்கு வேற நோயாளிகளும் இருக்காங்க. வாங்க" என்றார். அந்தக் குரல் அவ்வளவு தணிந்து ஒலிக்கும் என்று மருந்துக்கடைக்கு அதுவரை தெரியாது.

அம்மாள் வந்தார். வழியெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். நர்ஸுகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மருந்துக்கடை புதுப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். "ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு சொட்டு. விட்டதும் மூக்கோரமா இப்படி விரல் வெச்சு அழுத்திக்கணும், மருந்து உள்ள இறங்காம இருக்கும்" என்று தன் கண்ணோரத்தில் வைத்துக் காட்டினாள்.

"என்னங்க, கண்ணைத் திறங்க" என்றார் அம்மாள்.

சிஸ்டர்களுக்கு அசையாத இமைகள் உடனே திறந்துகொண்டன. அம்மாள் குனிந்தார். ஒரு சொட்டு. இன்னொரு கண்ணில் ஒரு சொட்டு. இரண்டு விரல்களை மூக்கின் இருபக்கமும் வைத்து அழுத்திக்கொண்டு, தலையை மட்டும் மானிட்டர் பக்கம் திருப்பினார். அவர் மட்டுமா, அங்கே இருந்த எல்லாரும்தான். எழுபத்திரண்டு. எழுபத்தொன்று. எழுபத்து மூன்று. எழுபத்திரண்டு. அங்கேயே நின்றது.

நெடுநேரம் பார்த்தார்கள். இடி கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு, வழக்கமான குரலில், எல்லாப் படுக்கைக்கும் கேட்கிற மாதிரி இடித்தார். "பேட்டரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு வார்டுக்குப் போய்யா. உடம்பு தேறினதும் பட்டறைக்குப் போ."

நர்ஸுகள் கைதட்டினார்கள். பெரிய சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மருந்துக்கடைக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது, அவள் அதை மறைக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வேன் அம்மாள் இன்னும் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். மருந்து எப்போதோ அடங்கியிருக்கும்.

"போதும்மா, கையை எடுத்துடலாம்" என்றாள்.

அம்மாள் எடுக்கவில்லை. அவர் கண்ணீர் வெல்டரின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டும் விடு பாப்பா" என்றார் வெல்டர், கண்ணை மூடியபடியே. "அவளா எடுக்கட்டும்."